ரோஜாவின் காலும் அரை வாட் வெளிச்சமும்

நவம்பர் 3, திங்கள்

காலையில் மழை. வேப்பம்பட்டு பிளாட்பாரம் முழுக்கக் குடை. ரயில் இருபது நிமிடம் தாமதம். அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மண்ணூர்பேட்டை ஷெட்டுக்குப் போவதற்குள் சட்டை தொப்பல். சூப்பர்வைசர் முறைத்ததோடு சரி. லேசர் கட்டிங் மெஷினை ஓட்ட இன்றைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

வேலை: எட்டு மி.மீ. இரும்புத் தகடு, பிராக்கெட் நானூறு. மெஷின் நன்றாக ஓடியது.

வீட்டில்தான் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் பசு ரோஜாவுக்கு இடது பின்கால் முட்டியில் புண். ஏழு வாரமாக ஆறவில்லை. கொட்டகைக்கு சிமென்ட் தரை போட்ட புத்திசாலி நான்தான், சுத்தமாக இருக்குமென்று. அந்தச் சொரசொரப்பில் படுத்துப் படுத்துத் தோல் உரிந்து, சீழ் வைத்து, இப்போது உள்சதை தெரிகிறது. எழுந்து நின்றால் மூன்று காலில் நிற்கிறாள். இடது குளம்பின் நுனி மட்டும் தரையில் பட்டும் படாமல். பல்லை நறநறவென்று கடிக்கிறாள். மாடு பல்லைக் கடித்தால் வலி தாங்கவில்லை என்று அர்த்தம். சத்தம் அடுப்படி வரை கேட்கிறது.

சுமதி என்னோடு பேசி நான்கு நாள். காரணம் நியாயமானதுதான். அவளைக் கேட்காமல் தரகர் மோகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், 23 ஞாயிறு வந்து மாட்டை ஏற்றிக்கொள்ளச் சொல்லி. நிற்க முடியாத மாடு எங்கே போகும் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரோஜா கன்றாக வந்த நாளிலிருந்து வளர்த்தவள் சுமதி. பெண்டாட்டியாக என்ன, மனுஷியாகக்கூட என்னோடு பேசத் தேவையில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. செருப்பு வார் அறுந்தது, தைக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் ஒரு மாட்டு டாக்டர். சுமதிதான் யாரையோ கேட்டு வரவழைத்திருக்கிறாள். பெயர் நிவேதா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வளர்ந்தவராம். ஸ்கூட்டியின் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி.

புண்ணைக் கழுவினார். சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். "மூட்டுக்குள்ள இன்னும் போகல. அதுவரைக்கும் நல்லது. ஆனா புண்ணு ஆறுறது பாதிதான். அவ இந்தக் கால ஊனி நிக்கணும். நிக்காமப் படுத்தே கெடந்தா அந்தப் பக்கமும் புண்ணு வந்துடும். அப்புறம் நானே வேற மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கும்."

சொன்னவை:
– ரப்பர் பாய், மேலே வைக்கோல். இன்றே.
– இருவேளை உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து.
– ஊசி, ஐந்து நாள்.
– லேசர், வாரத்துக்கு மூன்று தடவை.

கடைசியைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

"மேடம், பதினோரு வருசமா நான் லேசர்லதான் வேல பாக்கறேன். இரும்பயே ரெண்டா போடும். அத்த கொண்டாந்து மாட்டு மேல வெக்கிறேன்றீங்க?"

"உங்க மெஷின் எத்தன வாட்டுண்ணா?"

"மூவாயிரம்."

"இது அரை வாட்."

அரை வாட்! பயம் போய் நக்கல் வந்தது. அரை வாட்டில் என் மெஷினின் சிவப்பு விளக்குகூட ஒழுங்காக எரியாது, இது எங்கே புண்ணை ஆற்றுவது என்று கேட்டேன். சு. ஐந்து நாளில் முதல் வார்த்தையாக, "யோவ், நீ கம்முனு கெட. டாக்டரம்மா, நீங்க வைங்க" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

அரைநாள் லீவு. முதல் லேசர் சிட்டிங். இதை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

ரொம்பத் தெரிந்தவன் போல ஷெட்டிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் வாங்கி, ஓரத்தில் இருந்த எண்களைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது உங்க மெஷினோட வெளிச்சத்துக்குண்ணா. இதோட வெளிச்சம் வேற. இந்தாங்க, இதப் போடுங்க." பதினோரு வருடமாக மூக்கில் மாட்டுகிறேன், அந்த எண்களை ஒரு நாளும் படித்ததில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் கொடுத்ததை மாட்டினேன். ரோஜாவின் கண்ணுக்கு மேல் ஈரத் துண்டு கட்டினோம்.

பெட்டியிலிருந்து வயர். வயர் முனையில் டார்ச் லைட் அளவில் ஒரு கைப்பிடி. புண்ணின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்பு இடம் காட்டத்தான், வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். எங்கள் மெஷினிலும் இதே கதைதான். அதனால் நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். பொறிக்குக் காத்திருந்தேன். புகை நாற்றத்துக்கு. ஒன்றுமே இல்லை. ஓர் இடத்தில் இருபது எண்ணுகிறார், அடுத்த இடம், மறுபடி இருபது. கொசு பறக்கிற சத்தம் கேட்டது.

ஐந்தாவது இடமோ ஆறாவது இடமோ. கொசுச் சத்தம் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று யோசித்தேன். பல் கடிக்கிற சத்தம் நின்றிருந்தது. ஏழு வாரமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம். சு. என் முழங்கையைப் பிடித்தாள். ரோஜாவின் தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறி வந்தது. வாய் அசைந்தது.

"அச போடறாய்யா," என்றாள் சு., ரகசியம் போல.

சிட்டிங் முடிந்ததும், என் கையில் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டினார். விரல் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. சூடு என்று சொல்லக்கூட முடியாது. இந்த மாதிரி வெளிச்சத்துக்குத்தான் நான் தினமும் மூன்று கதவு பூட்டி, கண்ணாடி மாட்டி, தள்ளி நிற்கிறேன். இன்று அது என் தோலுக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எப்படி என்று கேட்டதற்கு டாக்டர்: "செல்லுக்குள்ள சக்தி தயார் பண்ற இடம் ஒண்ணு இருக்குண்ணா. அது இந்த வெளிச்சத்த வாங்கிக்கிது, அதனால வேல வேகமா நடக்குதுன்னு சொல்றாங்க. முழுசா இன்னும் யாருக்கும் புரிஞ்சிடல. சில மாட்டுக்கு நல்லாக் கேக்கும். சிலதுக்கு ஒண்ணுமே தெரியாது." தெரியாததைத் தெரியாது என்று சொன்னது பிடித்திருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் மறுபடி பல் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனாலும் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருந்தாளே.

நவம்பர் 8, சனி

இரண்டாம் சிட்டிங். பல் சத்தம் மூன்றாவது இடத்திலேயே நின்றது.

எனக்கு அளக்காமல் தூக்கம் வராது. ஸ்டீல் தகட்டின் மேல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் படலத்தில் ஒரு துண்டு எடுத்துவந்து, கழுவி, புண்ணின் மேல் பிடித்து ஓரத்தை வரைந்துகொண்டேன். திங்களன்று ஷெட் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பரப்பு பார்க்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். செருப்பு தைத்தாயிற்று. மூன்றாவது சிட்டிங்.

சனிக்கிழமைக் கோடும் இன்று காலை வரைந்த கோடும் ஷெட் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்று. பார்க்கும்போது கூட வேலை செய்யும் பாஸ்கர் பின்னால் வந்து நின்றான். "இன்னா மாமே இது, எந்த நாட்டு மேப்பு?"

ரோஜாவின் புண் என்றேன்.

"மாட்டுக்கு லேசர் வெக்கிறியாமே? பாத்து மாமே, நாலு பீஸா வந்துடப் போவுது." பிறகு திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மெய்யாலுமே உள்ள போய்கினு கீது மாமே கோடு," என்றான்.

ஆம். எல்லாப் பக்கமும் உள்ளே வந்திருக்கிறது, ஒரு நெல் அளவு, சில இடத்தில் இரண்டு. ஓரத்தில் புதுத்தோல், ரோஜாப்பூ நிறத்தில். பாயா, மருந்தா, ஊசியா, வெளிச்சமா? எல்லாம் சேர்த்துத்தான் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். நான் தகட்டை வெட்டினால் அது வெட்டினபடியே கிடக்கும், நூறு வருடம் ஆனாலும் சேராது. இங்கே ஒரு விளிம்பு இன்னொரு விளிம்பைத் தேடி நகர்கிறது. மத்தியானம் முழுக்க அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிராக்கெட் இரண்டு வீண்.

இன்னும் காலை ஊனவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நான்காவது. டாக்டர் நாளையிலிருந்து நான்கு நாள் தடுப்பூசி முகாமுக்குப் போகிறார். நடுவில் விட்டுப்போகக் கூடாதென்று சின்ன மெஷின் ஒன்றை என்னிடம் கொடுத்தார். "நீங்க லேசர்காரர், உங்கள நம்பித் தரேன். செட்டிங் எதயும் மாத்தாதீங்க. மருந்தெல்லாம் சுத்தமாத் தொடச்சிட்டு வைங்க. ஒரு எடத்துக்கு இருபது. சனிக்கிழம ஒரு தடவ, போதும்."

லேசர்காரர் என்றதும் ஓர் அங்குலம் வளர்ந்தேன். சு. பார்த்துச் சிரித்தாள். பேச்சு இப்போது பாதி திரும்பியிருக்கிறது, சாப்பாடு, மழை, மாடு மட்டும். மோகனைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புண்ணைத் துடைத்ததும் சுற்றியிருந்த தோல் வெள்ளையாகப் பளபளத்தது. ரோஜாவுக்கு அந்த இடம் வெள்ளைத்தோல், டாக்டர் முடியும் மழித்திருக்கிறார். பளபளப்பைப் பார்த்ததும் எனக்குப் பித்தளைத் தகடு ஞாபகம். சின்ன மெஷினில் பித்தளைக்கு எழுத்து போடும்போது வெளிச்சம் பட்டுத் திரும்பி ஓடிவிடும், பிடிக்காது. அதனால் மேலே கறுப்பு பூசிவிட்டு அடிப்போம். ஷெட்டில் அது பாலபாடம். அரை வாட்தான் இருக்கிறது, அதிலும் பாதி திரும்பிப் போனால்? ரோஜாவுக்கு முழுசாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். செட்டிங் எதையும் மாற்றவில்லையே!

சு.வின் கண்மை டப்பாவை எடுத்துப் புண்ணைச் சுற்றித் தடவினேன். சு. வந்து பார்த்தாள். திருஷ்டிக்கு வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "உனக்கே தோணிச்சா? ஊரு கண்ணெல்லாம் இவ மேலதான். இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தடவுய்யா." நானும் திருத்தவில்லை. தடவினேன்.

சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்துகூட எண்ணியிருக்க மாட்டேன். ரோஜா உதைத்தாள். இத்தனை வருடத்தில் ஒருவரையும் உதைக்காத மாடு. தொடையில் வாங்கி வைக்கோலில் விழுந்தேன். கருகின நாற்றம். ஷெட் நாற்றம்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஈ கடிச்சுது போல."

பொய். மையைத் துடைத்துப் பார்த்தேன். புதுத்தோலின் மேல் மிளகு அளவு கொப்புளம்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. தொடை கன்றிப்போய் நொண்டுகிறேன். ரோஜாவும் நொண்டி, நானும் நொண்டி. சு.வுக்குச் சிரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கழுவப் போனால் நகர்ந்துகொள்கிறாள். கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கிறாள். மறுபடி பல் கடி.

அடுத்த ஞாயிறு மோகன் வருவான். நான்கு சிட்டிங்கில் வந்ததை ஐந்து எண்ணுவதற்குள் கெடுத்தேன். முதலில் சிமென்ட், இப்போது மை. இரண்டும் அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

டாக்டர் வந்தார். பெட்டியைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன், சு. முன்னாலேயே. பித்தளை, கறுப்பு, கண்மை, உதை, ஈ என்று சொன்ன பொய். தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். கொப்புளத்தைப் பார்த்தார். "சின்னதுதான். ஆறிடும்." பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். "உங்க வேலையில வெளிச்சத்த இரும்பு தடுக்கணும்ணா. தடுத்தாத்தான் சூடாகும், உருகும். இங்க தோலு அத உள்ள விடணும். நீங்க பூசின கரி வாசல்லயே நிறுத்திடுச்சு. உள்ள போக வேண்டியது எல்லாம் மேலயே சூடாச்சு."

பதினோரு வருடமாக நான் பார்த்ததெல்லாம் வெளிச்சம் முட்டி நிற்கிற இடம். அது உள்ளே போகிற இடம் ஒன்று இருக்கிறது, போய் யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிறது. ஒரு மாட்டின் தோல் அதற்கு வழி விடுகிறது. என் தோலும் விட்டதே, அன்றைக்கு விரலில் பார்த்தேனே. நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

சு. டாக்டரிடம், "இவரு பாதிதான் பூசினாரும்மா. இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தடவுன்னது நாந்தான்," என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நொடியே, "அப்டியே இவரு தொடைக்கும் ஒரு தடவ வெச்சி வுடுங்க," என்றாள்.

"மனுசங்களுக்கு நான் வைக்கக் கூடாதும்மா," என்றார் டாக்டர், சிரிக்காமல்.

சிட்டிங் நடக்கவில்லை. சிவப்புப் புள்ளியைக் கண்டதும் ரோஜா கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். டாக்டரையும் விடவில்லை.

நவம்பர் 20, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இன்றும் முதலில் விடவில்லை. டாக்டர் கைப்பிடியை சு.விடம் நீட்டினார். "நீங்க பிடிங்கக்கா."

"ஐயோ, எனக்கு மிக்ஸி போடவே பயம்."

ஆனாலும் வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பால் கறக்கும்போது செய்கிற மாதிரி ரோஜாவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதலில் புண்ணுக்குப் போகவில்லை. தொடையில், வெகு தூரத்தில் புள்ளியை வைத்தாள். "ஒண்ணும் இல்லடி. நாந்தான் கீறேன். எங்கியும் போவல." ரோஜாவின் தோல் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. கொஞ்சம் கீழே. இன்னும் கொஞ்சம். முட்டிக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. அவளுக்கு எண்ணிக்கை தப்பிவிடும் என்று நான் எண்ணிக்கொடுத்தேன். லேசர்காரருக்கு மிச்சமான வேலை அதுதான்.

நான்காவது இருபதில் பல் சத்தம் நின்றது. ஆறாவதில் அசை. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கோவிலில்கூட நான் இப்படி நின்றதில்லை.

நவம்பர் 22, சனி

ஏழாம் சிட்டிங்குக்கு டாக்டர் காலையிலேயே வந்தார், சு.தான் பிடித்தாள். கொப்புளம் பக்கு கட்டி உதிர்ந்துவிட்டது. புண் மூன்று விரல் அகலம், முன்பு உள்ளங்கை அகலம். கோடு வரைந்தேன்.

ஆனால் நிற்பது அதே மூன்று காலில்தான். டாக்டர் போகும்போது முகம் கொஞ்சம் வாட்டம். "வலி கொறஞ்சிருக்கு. ஆனா பழக்கமா ஆயிடுச்சோ என்னவோ, ஊன மாட்டேங்கிறா. இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்."

மோகனுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், வர வேண்டாம் என்று சொல்ல. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நானே போடாமல் விட்டேன். ஏன் என்று எனக்கே தெரிகிறது: ஊனாவிட்டால்? வலியோடு படுக்கவைத்து வைத்திருப்பது பாசமா? இதை சு.விடம் சொல்லத் தைரியமில்லை. அவளும் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்பது மணிக்கு மோகன் வந்துவிட்டான், குட்டியானை வண்டியோடு. பின்னால் பலகை, கயிறு. சு. வாசலுக்கு வரவில்லை. ரோஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டகையிலேயே நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, போன் மேல போன் போட்டுகினு கீற? வண்டி ஓட்டிகினு இருந்தேன். மாடு எங்க, ஊட்டுப் பின்னாலயா?"

நேராகக் கொட்டகைக்கு வந்தான். சுற்றிவந்து பார்த்தான், குனிந்து முட்டியைப் பார்த்தான். "புண்ணு ஆறிக்கினுதான் வருது. ஆனா கால தூக்கிகினு தானே கீது. இது நிக்காது அண்ணாத்தே. ஏத்திடலாம்."

வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்லவா, சரி என்று சொல்லவா, இப்போதும் தெரியவில்லை. சு. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

அப்போது ரோஜா சு.வின் பிடியை உதறித் தலையை ஆட்டினாள். காதில் ஈ. மறுபடி ஆட்டினாள், போகவில்லை. தலையைப் பின்பக்கம் திருப்பி வளைத்தாள். வலது பின்காலைத் தூக்கினாள். வலது காலை! தூக்கி, குளம்பால் காதைச் சொறிந்தாள். நிதானமாக, கண்ணை மூடி, நான்கு தடவை, ஐந்து தடவை. பின்னால் அத்தனை பாரமும் இடது காலின் மேல்.

அவள் வலது காலைக் கீழே வைத்தாள். இடது காலைத் தூக்கவில்லை.

மோகன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கெழம அதுவுமா வெறும் வண்டிய ஓட்டிகினு வர வெச்சிட்டியே அண்ணாத்தே," என்றான், கோபமில்லாமல். போகும்போது ரோஜாவின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

வைக்கோலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சு. பார்த்தாள். பார்க்காத மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு சாணி அள்ளப் போனாள்.